ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்த சதுப்பு

அந்த யோசனை எனக்கு உதித்தபோது காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். ரங்கூனுக்கு வடக்கே, நகரத்துக்குக் குடிநீர் தரும் ஓர் ஏரிக்கு மேலே உள்ள காட்டில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, தரையில் நட்டிருந்த இரும்புக் குழாய்க்கு மேலே குனிந்து நின்றிருந்தேன். குழாய்க்குள் தண்ணீர் அரை அங்குலம் ஏறியிருந்தது. மழை இல்லை. காற்று இல்லை. சுற்றிலும் மரங்கள் ஒன்றும் தெரியாதவை போல நின்றன. காடு மூச்சு விடுகிறது என்று எனக்குத் தோன்றியது.

தோன்றியதோடு விட்டிருக்கலாம். எழுதி வைத்தேன். எழுதியதோடாவது விட்டிருக்கலாம். ஏழு மாதம் கழித்து ஒன்பது பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு வயது இருபத்தொன்று. மிஷன் பள்ளியில் படித்துவிட்டு, கல்லூரியில் இரண்டு வருடம் விஞ்ஞானமும் படித்திருந்ததால், உலகத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான், அதையும் வரும் வருடத்துக்குள் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தேன். நீர் ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்றில் அளவெடுக்கும் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். (அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டோம்.)

அளக்க வேண்டிய இடம் அந்தக் காட்டுக்குள் இருந்த ஒரு பள்ளம். உதிர்ந்த இலையும் செத்த வேரும் காலகாலமாகத் தண்ணீரிலேயே கிடந்து, முழுக்க மக்கவும் முடியாமல், மண்ணாகவும் முடியாமல், ஓர் ஆள் ஆழத்துக்குக் கறுத்துச் சேர்ந்திருந்தது. அதன்மேல் மரங்கள். கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். பத்தடி தள்ளி நிற்கும் சின்னச் செடி தலையாட்டும். (இந்தத் தலையாட்டலையும் ஏழு மாதம் பார்த்தேன். ‘இளங்காற்று’ என்று நோட்டில் எழுதி வைத்தேன்.)

ஆபீஸுக்குத் தெரிய வேண்டியது இதுதான். மழைக்காலத்தில் இந்தக் கறுப்பு மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கோடையில் எவ்வளவை ஏரிக்கு விட்டுக்கொடுக்கிறது, மரங்கள் எவ்வளவு குடித்துவிடுகின்றன. ஒரு வருடம் அளந்து இதைச் சொல்லிவிட முடியாது, ஒரு வருட மழை அடுத்த வருட மழை மாதிரி இருப்பதில்லை. அதனால் ஆறு வருடமாக ஒரு நாள் விடாமல் அளந்துகொண்டிருந்தார்கள். மரியாதைக்காக ‘அளந்துகொண்டிருந்தார்கள்’ என்கிறேன். அளந்தது கோ டின் என்ற ஒரே ஆள்.

கோ டின்னுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். காட்டோரக் கிராமத்துக்காரர், வெற்றிலைப் பிரியர், குறைவாகப் பேசுகிறவர். குழாய்க்கு நேர் மேலே, இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவில் மூங்கில் பரண் ஒன்று கட்டி வைத்திருந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு மரத்தின் வேர்களை மிதித்தே வந்து, பரணில் ஏறிக் குப்புறப் படுத்து, கையைத் தொங்கவிட்டு அளவுகோலைக் குழாய்க்குள் இறக்குவார். அளவைச் சொல்லிவிட்டு, அப்படியே படுத்தபடி வெற்றிலை மடிப்பார்.

இதை முதல் நாள் பார்த்ததும் எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. விஞ்ஞானம் குப்புறப் படுத்துச் செய்யும் காரியமா? இஸ்திரி போட்ட சட்டை எதற்கு இருக்கிறது? எங்கள் வீடு இருந்த தாமுவேயில் பஸ் ஏறி, இறங்கி, லாரி பிடித்து, கடைசி இரண்டு மைல் நடந்து நான் வந்து சேர ஒன்பது மணி ஆகும். வந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு நேராகக் குழாயின் பக்கத்தில் போய் நிற்பேன். குனிந்து, ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பாகம் வரை அளப்பேன். என் தோளில் புத்தகப் பை, கையில் அக்கா கட்டிக்கொடுத்த டிபன் கேரியர்.

“ஸயா, இங்கே மேலே வந்து படுங்களேன்” என்றார் கோ டின், மூன்றாம் நாள். ஸயா என்றால் ஆசிரியர். படித்தவன் என்று தெரிந்தால் எல்லாரையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். “இங்கே கொசு கம்மி.”

“எனக்குக் கொசு பரவாயில்லை, கோ டின்” என்றேன்.

அவர் சிரித்துத் தலையசைத்தார். அதற்குப் பிறகு அநேகமாக ஒவ்வொரு நாளும் கூப்பிட்டார். மேலே காற்று நன்றாக இருக்கிறது என்பார். மேலேயிருந்து பார்த்தால் ஒரு பறவைக் கூடு தெரிகிறது என்பார். பாவம், பேச்சுத் துணைக்கு ஏங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் முடிந்ததும் இரண்டு பேரின் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழு மணிக்கு அவர் எடுத்ததைவிட ஒன்பது மணிக்கு நான் எடுத்தது தினமும் அரை அங்குலம் கூடுதல். பகலில் மரம் தண்ணீர் குடிக்கும், மட்டம் இறங்கும் என்றுதான் புத்தகங்கள் சொல்லின. இங்கே ஏறியது. புத்தகங்கள் தவறு என்று முடிவு செய்ய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ‘காலை ஏற்றம்’ என்று அதற்குப் பெயர் வைத்தேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு அளவு எதற்கு என்று ஆபீஸில் எழுதிக் கேட்டு, கோ டின்னின் ஏழு மணி அளவை நிறுத்தினேன்.

நான் சர்ச்சுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பது மணி அளவை அவர் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அங்கேதான் ஒரு சிறு சிக்கல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏற்றம் இல்லை; மட்டம் முதல் நாளைவிட அரை அங்குலம் கீழே நின்றது. ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, எந்த வாரமும் இல்லை. சனிக்கிழமை ஏறும், திங்கட்கிழமை ஏறும், நடுவில் ஒரு நாள் காடு சும்மா இருக்கும்.

ஒரு நாள் சாப்பிடும்போது இதை எஸ்தர் அக்காவிடம் சொன்னேன். அக்கா தொடக்கப் பள்ளி ஆசிரியை. அம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டை நடத்துகிறவள். நாங்கள் மூன்றே பேர்: அப்பா, அக்கா, நான்.

“அப்போ உன் காடு ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குது” என்றாள் அக்கா.

“அப்படித்தான் தெரியுது.”

“பர்மாக் காடுடா அது. பௌர்ணமிக்கு லீவு எடுத்தா சரி. ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கணும்னா, அதுக்கு ஞானஸ்நானம் யாரு குடுத்தது?”

அப்பா சிரிக்கவில்லை. “தானி, அந்த டின் சரியா அளக்கிறானான்னு பாரு” என்றார்.

எனக்கும் அதே சந்தேகம். அளவேட்டில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எதிரே ‘நம்பத்தக்கதல்ல’ என்று சிவப்பு மையில் எழுதினேன். ஏழு மாதத்தில் நம்பத்தக்க நாட்கள் அவை மட்டும்தான் என்பதை இப்போது எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

இதெல்லாம் வெறும் பைத்தியம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் குழாயை நம்பி ஒரு பெரிய விஷயம் நின்றது.

கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் அது. எங்கள் தெருவில் வாரம் ஒரு தமிழர் வீடு பூட்டப்பட்டது. மதராஸுக்குப் போகும் கப்பலில் இடம் கேட்டு எல்லாரும் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சர்ச்சில் எங்களுக்கு முன் வரிசை காலியாகி, பிறகு பின் வரிசையும் காலியானது. அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் பெயர் கொடுத்திருந்தார். மதராஸை அவர் பார்த்ததே இல்லை. அம்மாவின் கல்லறை இங்கே இருந்தது. போக அவருக்கு மனமில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கு இங்கே பிழைப்பு இருக்குமா என்ற பயம் மனதைவிடப் பெரிதாக இருந்தது.

“உனக்கு அந்த வேலை நிரந்தரமாச்சுன்னா இருந்துடுவோம்” என்றார் ஒரு நாள். “இல்லைன்னா மூணு பேரும் கப்பல். நடுவில தொங்க முடியாது, தானி.”

அந்த வேலையோ சதுப்பை நம்பியிருந்தது. சதுப்போ மூடப்படும் நிலையில் இருந்தது. எங்கள் ஆபீஸ் தலைவர் ஊ பே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் நாள் முழுக்க வெறும் தேநீர் குடித்துக்கொண்டு, மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவர். அன்று கொஞ்சம் அதிகமாகவே பேசினார். மேலிடத்திலிருந்து குழு வருகிறது. அங்கே தொடர்ந்து அளப்பது வீண் என்று நினைக்கிறார்கள். பிடித்திருந்தால் நீட்டிப்பார்கள், அளப்பவருக்கும் நிரந்தரம். இல்லாவிட்டால் குழாயைப் பிடுங்கி வேறு இடத்துக்கு.

“காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இருக்கிறது” என்றேன்.

குழு வந்தது ஒரு சனிக்கிழமை. தடிஞ்சு விளக்குப் பண்டிகை முடிந்த வாரம். மழை ஓய்ந்து, சதுப்பில் தண்ணீர் தரை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கப்பல்காரர்களுக்கு அப்பா பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் திங்கட்கிழமை. இரண்டு தேதியும் அப்படி வந்து விழுந்ததை அப்பா கடவுள் சித்தம் என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். விஞ்ஞானமும் கடவுளும் என் பக்கம் என்ற நிம்மதியில் வெள்ளிக்கிழமை நன்றாகத் தூங்கினேன்.

பெரிய மனிதர்களைச் சேற்றில் நிறுத்தலாமா? சர்ச்சில் கூட்டத்துக்கு விரிக்கும் பெரிய கோரைப்பாயை இரவல் வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய், குழாயருகே விரித்தேன். நடுவில் ஓட்டை போட முடியாததால் இரண்டாக மடித்துக் குழாயை ஒட்டிப் போட்டேன்.

“ஸயா,” என்றார் கோ டின், “விருந்தாளிகளைப் பரண்மேல் ஏற்றலாமே.”

“பரண் இரண்டு பேரைத்தான் தாங்கும்.”

“இரண்டிரண்டு பேராக ஏறட்டும். கொசு கம்மி.”

“கோ டின், வருகிறவர்கள் கொசுவுக்குப் பயந்தவர்கள் இல்லை.”

அவர் சிரித்துத் தலையசைத்தார். பிறகு தன் செருப்பைக் கழற்றி, நனையாமல் ஒரு மரக்கிளையில் மாட்டினார். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது பேர் வந்தார்கள். குழுத் தலைவர் உயரமும் அகலமும் ஒன்றாக உள்ளவர். ரோஜா நிறப் பட்டுத் தலைப்பாகை, புது வெல்வெட் செருப்பு. செருப்பைக் கழற்றப் போனவரை நான்தான் தடுத்தேன். “பாய் இருக்கிறது, ஐயா. தாராளமாக மிதிக்கலாம்” என்றேன். இதை நான் வேண்டுமென்றே சொன்னேன் என்று இன்றுவரை அந்த ஆபீஸில் நம்புகிற இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு கோ டின்னைப் பரணிலிருந்து ஓர் அளவு எடுக்கச் சொன்னேன். குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்தில் இருந்தது. எல்லாரும் ஓரத்தில் நின்றபடி என் உரையைக் கேட்டார்கள். பர்மிய மொழியில் மூன்று வாரம் பயிற்சி செய்த உரை. புத்தகங்கள் என்ன சொல்கின்றன, காடு என்ன சொல்கிறது, இரண்டில் யாரை நம்புவது என்று கேட்டு நிறுத்தினேன்.

“இப்போது அரை அங்குலம் ஏறும்” என்று அறிவித்தேன். “அருகில் வந்து பாருங்கள்.”

வந்தார்கள். குனிந்து அளந்தேன். இரண்டு அங்குலம் ஏறியிருந்தது.

எனக்கே ஆச்சரியம். “இன்று காடு நல்ல நிலையில் இருக்கிறது” என்றேன். இரண்டு அங்குலம் என்று கேட்டதும் பின்னால் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். கடைசியாகத் தலைவர், முன்னால் நின்றவர்கள் வழிவிட, நிதானமாக நடந்து வந்து குழாயை ஒட்டி நின்றார்.

அதன் பிறகு அளவுகோல் தேவைப்படவில்லை. தேநீர் நிறத்தில் தண்ணீர் குழாயின் வாய்க்கு வந்து, ஒரு கணம் யோசிப்பது போல நின்று, அவசரமே இல்லாமல் வழிந்தது. பாயின் நான்கு பக்கமிருந்தும் அதே நிறத் தண்ணீர் நடுவே வந்து சேர்ந்தது. பாய் கறுத்தது. வெல்வெட் செருப்பு இரண்டும் மெதுவாகக் கண்ணிலிருந்து மறைந்தன. ஒன்பது பேரும் கணுக்கால் அளவு தண்ணீரில், மீட்டிங்கில் நிற்பது போலவே நின்றார்கள்.

“தினமும் இப்படித்தானா?” என்று தலைவர் கேட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை இருக்காது, ஐயா” என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு நான்கு எட்டு பின்னால் போனார். குழாயில் தண்ணீர் இறங்கியது. நான்கு எட்டு முன்னால் வந்தார். ஏறியது. மறுபடி பின்னால். மறுபடி முன்னால். மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டுக் காட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“இந்த இடத்தில் நல்ல காற்று” என்றார்.

“ஆமாம், ரங்கூனுக்குள் இந்தக் காற்று ஏது” என்றார் பக்கத்தில் நின்றவர்.

மூன்றாமவர் என் பக்கம் திரும்பி, பாய் எங்கே வாங்கியது என்று அன்பாக விசாரித்தார். ஊ பே மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பர்மியர்களிடம் அனாடே என்று ஒன்று உண்டு. உண்மையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் கூசிப்போவாரே என்று, சொல்ல வந்ததைத் தன் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்வது. (எங்கள் ஆட்களிடம் இது கிடையாது. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துவிட்டால், பஸ் பிடித்துப் போயாவது சொல்லிவிட்டு வருவோம்.) ஒன்பது பேரும் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்பது பேரும் அனாடே. அந்த மௌனத்தை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டு, இன்னும் இருபது நிமிடம் பேசினேன்.

பிறகு எல்லாரும் கோ டின் வீட்டில் தேநீர் குடிக்க நடந்தார்கள். பாயைச் சுருட்டி வேலியில் காயப்போட்டுவிட்டு, நோட்டை எடுக்கத் திரும்பி வந்தேன். மரத்தின் வேர்மேல் நின்றபடி குழாயை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நாலு விரல் கீழே, காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. அருகே போய் நின்றேன். அரை அங்குலம் ஏறியது. வேருக்குத் திரும்பினேன். இறங்கியது. மறுபடி போனேன். பத்தடி தள்ளி அந்தச் சின்னச் செடி தலையாட்டியது. காற்று இல்லை.

என் கனத்தில் கறுப்பு மண் அமுங்கியிருக்கிறது. அமுங்கிய இடத்துத் தண்ணீர் குழாய்க்குள் ஏறியிருக்கிறது. ஏழு மாதமாக, வாரத்தில் ஆறு நாள், பதினாறில் ஒரு பாகம் வரை துல்லியமாக, நான் அளந்தது காட்டை இல்லை. என்னை, என் புத்தகப் பையை, அக்காவின் டிபன் கேரியரை.

மேலே பார்த்தேன். கோ டின் பரணில் குப்புறப் படுத்திருந்தார்.

“ஸயா,” என்றார் மெதுவாக. “இங்கே கொசு கம்மி.”

முதல் தடவையாக ஏறிப் படுத்தேன். மூங்கில் நெஞ்சில் உறுத்தியது. பக்கத்தில் பக்கத்தில் படுத்து இருவரும் குழாயைப் பார்த்தோம். பறவைக் கூடு நிஜமாகவே தெரிந்தது.

“எத்தனை நாளாகத் தெரியும்?”

“நீங்கள் வந்த மூன்றாம் நாளிலிருந்து.”

“ஏன் சொல்லவில்லை?”

“தினமும் சொன்னேனே” என்றார்.

வீட்டுக்குப் போய் ஒளிக்காமல் சொன்னேன். “அப்போ திங்கக்கிழமை போய்ப் பணத்தைக் கட்டிடுறேன்” என்றார் அப்பா. அக்கா சோறு போட்டாள். கேலி செய்யவில்லை. அவள் கேலி செய்யாத ஒரே சாப்பாடு அதுதான் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. ஆறு வருடத்து அளவில் ஏழு மாதம் ஓட்டை. அந்த ஓட்டையைப் போட்டவன் நான். அது கோ டின்னின் ஆறு வருடம், என்னுடையதில்லை.

மறுநாள் சர்ச்சில் பிரசங்கம் என்ன என்று எனக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பலகை வளைந்து நான் அவர் பக்கம் சரிந்தேன். ஜெபத்துக்கு அவர் எழுந்தபோது பலகை நிமிர்ந்தது. அப்பாவின் கனம் எவ்வளவு என்று தெரிந்தால் பலகை எவ்வளவு வளையும் என்று சொல்லலாம். கனத்தைக் கழித்துவிட்டால் பலகை நேராகிவிடும்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். ஊ பேயின் அறையில் குழுத் தலைவரும் இருந்தார். காலில் வேறு செருப்பு.

“தப்பு என்னுடையது” என்றேன். “கோ டின்னுடைய ஞாயிற்றுக்கிழமை அளவுகள் எல்லாம் சரி. மற்ற நாட்களில் என் கனம் கலந்திருக்கிறது. என்னைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது தண்ணீர்தான்.”

“உன்னை எப்படிக் கழிப்பது?” என்றார் ஊ பே.

“நான் அதே இடத்தில் நிற்கிறேன். கோ டின் பரணிலிருந்து, நான் நிற்பதற்கு முன்னால் ஓர் அளவும் நின்ற பிறகு ஓர் அளவும் எடுக்கட்டும். கோடையில் மண் இறுகியிருக்கும், மழையில் இளகியிருக்கும். ஒவ்வொரு மாதமும் வேறு வேறாக வரும். எல்லா மாதத்துக்கும் வேண்டும் என்றால் ஒரு வருடம் நிற்க வேண்டும்.”

“வேறு ஆளை நிறுத்தினால்?” என்று தலைவர் கேட்டார்.

“கனம் ஒத்துவராது, ஐயா. நானேதான் வேண்டும்.”

தலைவர் ஊ பேயைப் பார்த்தார். ஊ பே தேநீரைப் பார்த்தார்.

“எத்தனையோ பேர் வேலை கேட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்” என்றார் தலைவர். “தன்னுடைய தப்பையே வேலையாகக் கேட்டு வந்தவன் நீ ஒருவன்தான்.” பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஒரு மனிதன் நின்றாலே ஏறி இறங்கும் மண் என்று எனக்குத் தெரியாது. அதன்மேல் இவ்வளவு மரங்கள் நிற்கின்றன. அதை மூடுவதற்கு முன்னால் கொஞ்சம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்” என்றார்.

ஒரு வருடத்துக்கு உத்தரவு எழுதினார்கள். ஏழு மணி அளவை கோ டின் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நான் அதே பூட்ஸ், அதே பை, அதே டிபன் கேரியருடன் நிற்க வேண்டும். வருடம் முழுக்க என் கனம் மாறக் கூடாது. கடைசி வரியைத் தலைவரே சொல்லி எழுதச் செய்தார்: பாய் கொண்டுவரக் கூடாது.

கப்பல் ஆபீஸுக்கு ஓடினேன். வரிசை தெருவரை நின்றது. அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி, சன்னலிலிருந்து மூன்று பேர் தள்ளி நின்றிருந்தார்.

“ஒரு வருஷம் குடுத்திருக்காங்கப்பா.”

“என்ன வேலை?”

“நிக்கிற வேலை.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையிலிருந்து வெளியே வந்தார். பின்னால் நின்றவர் ஓரடி முன்னால் நகர்ந்தார். எங்கள் தெருக்காரர்தான். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்களும் அசைத்தோம். அவரைப் பிறகு பார்க்கவில்லை.

அந்த வருடம் முழுக்க எங்கள் வீடு ஆபீஸின் கிளையாக இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தாமுவே மார்க்கெட்டில் அரிசிக் கடைத் தராசில் ஏறி நிற்பேன். கனம் கூடியிருந்தால் மீன் குழம்பு ஊற்றிய சேவையான மொய்ங்காவை அக்கா என் முன்னாலிருந்து எடுத்துவிடுவாள். “கவர்ன்மெண்ட் உத்தரவுடா. நான் என்ன செய்ய?” குறைந்திருந்தால் இரண்டு முட்டை. கிறிஸ்துமஸ் கேக்கில் எனக்கு வந்த துண்டை நிறுத்துப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

என்னைக் கழித்தோம். சரியாக வந்தது. அந்த ஏழு மாதமும் அளவேட்டில் இப்போது பச்சை மையில் இருக்கிறது. ஓரத்தில் ‘ஆள் கழிக்கப்பட்டது’ என்று ஊ பே தன் கையால் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எதிரே நான் சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிடச் சொன்னேன். கோ டின் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வருடமும் உத்தரவு வந்தது. அதற்கடுத்த வருடம் தற்காலிகம் என்ற வார்த்தை காகிதத்திலிருந்து போனது. அப்பாவும் அக்காவும் தாமுவேயிலேயே இருக்கிறார்கள். அம்மாவின் கல்லறைக்கு மாதம் ஒருமுறை மூன்று பேரும் போகிறோம்.

ஆனால் ஓடைக்கு அக்கரையில் தாகேதாவில் ஒரு கல்யாணத்துக்குப் போகப் படகில் நான் கால் வைத்தால், அப்பா இன்றைக்கும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் ஓடையை எட்டிப் பார்க்கிறார். “ஏறுதா?” என்று அக்கா கேட்கிறாள். “இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா, ஏறாது” என்கிறார். படகுக்காரருக்கு ஒன்றும் புரிவதில்லை. எங்களை ஏற்றிக்கொண்டு தள்ளுகிறார்.

இப்போது இன்னொரு யோசனை உதித்திருக்கிறது. இந்த முறை பரண்மேல் படுத்திருந்தபோது. என் ஒரு ஆள் கனத்துக்கே அமுங்கும் மண், மழைத் தண்ணீரைக் குடித்தால் உப்பாதா? கோடையில் வற்றினால் கீழே போகாதா? அப்படியானால் சதுப்பு முழுவதுமே வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். (காடு மூச்சு விடுகிறது என்று இந்தத் தடவை நான் எழுதவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.) அடியில் இருக்கும் களிமண் வரை இறங்கும் கம்பம் ஒன்று, கறுப்பு மண்ணிலேயே மிதக்கும் கம்பம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து வருடம் அளக்க வேண்டும். கால் தரையில் படாமல் அங்கே போக மூங்கில் நடைபாலம் வேண்டும்.

எங்கள் நோட்டில் இப்போது புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது. மட்டம், மழை, வெயில், அதற்கடுத்துக் கடைசியாக: ‘கோ டின் சொல்லத் தயங்குவது’. தினமும் அதை நிரப்பாமல் அவர் வீடு திரும்பக் கூடாது. முதல் சில மாதம் வெற்றிலைச் சாறு மட்டும்தான் அதில் பட்டிருந்தது. நேற்று நடைபாலத்தின் படத்தை அவரிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது, ஸயா, என்று சிரித்துத் தலையசைத்தார். பிறகு நோட்டை வாங்கி, திரும்பி உட்கார்ந்துகொண்டு, நீண்ட நேரம் எழுதினார்.

‘மூங்கில் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். பத்து வருடம் என்றால் தேக்கு.’

திங்கட்கிழமை இருவரும் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போகிறோம், தேக்குக் கம்பம் பார்க்க.